போன் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? கேபிளில் இருந்து தொடங்குவோம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா தன் பழைய போனை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காத நிலை. போன் முழுதாக நின்றுபோவதற்குள் லேப்டாப்பில் ஏற்றி வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். செருகினால் சார்ஜ் ஏறுகிறது, லேப்டாப்பில் மட்டும் எதுவும் தெரியவில்லை. ஒரு கடையில் காட்டியபோது, "போர்டில் கோளாறு இருக்கும், ரீசெட் அடித்துப் பார்க்கலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அவர் கொண்டுவந்த கேபிளை எடுத்துவிட்டு என் வீட்டுக் கேபிளைச் செருகினேன். போனின் பெயர் உடனே லேப்டாப்பில் வந்து நின்றது.

அவர் அன்று கடையில் சரி என்று தலையாட்டியிருந்தால் அந்தக் குரல் திரும்பக் கிடைத்திருக்காது. அந்த நினைப்பு என்னை இன்னும் விடவில்லை. முதல் தடவையாகப் போனையும் கம்ப்யூட்டரையும் இணைத்துப் பார்த்து, "வரவில்லையே" என்று திகைத்து நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இணைப்பு வரவில்லை என்பதற்காகப் போனை ரீசெட் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். கீழே வரும் எதற்கும் எல்லாவற்றையும் அழிக்கும் அந்த ரீசெட் தேவையில்லை.

எந்தப் படியில் நிற்கிறது?

கேபிளைச் செருகியதும் நான்கு காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். போனில் சார்ஜ் ஏறும். கம்ப்யூட்டர் "டிங்" என்று ஓர் ஒலி எழுப்பும், போனின் பெயர் அதில் தோன்றும். அந்தப் பெயரைத் திறந்தால் உள்ளே ஃபோல்டர்கள் தெரியும். அப்புறம் காப்பி செய்தால் ஃபைல்கள் முழுதாக வந்து சேரும். உங்களுக்கு இது எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பிழை எங்கே என்பதை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சார்ஜே ஏறவில்லை என்றால் கேபிள், போனின் ஓட்டை, கம்ப்யூட்டரின் ஓட்டை இந்த மூன்றில் ஒன்று. சார்ஜ் ஏறுகிறது, பெயர் வரவில்லை என்றால் கேபிளாக இருக்கலாம், போனில் கொடுக்க வேண்டிய அனுமதியாக இருக்கலாம், கம்ப்யூட்டரின் டிரைவராகவும் (போனோடு பேச உதவும் சிறு மென்பொருள்) இருக்கலாம். பெயர் வருகிறது, உள்ளே காலி என்றால் அது அனேகமாகப் போனின் பூட்டுதான். ஃபோல்டர் எல்லாம் தெரிந்தும் காப்பி பாதியில் அறுகிறது என்றால் அது தனிக் கதை, அதற்கும் வருகிறேன்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளை மாற்றி, டிரைவரை அழித்து, போனையும் அப்டேட் செய்துவிட்டு அது சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கும்.

கேபிள்

சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விலை மலிவான பல கேபிள்களில், பவர் பேங்கோடும் புளூடூத் ஹெட்போனோடும் வருகிற குட்டிக் கேபிள்கள் சிலவற்றிலும், பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. அதில் சார்ஜ் ஏறும், ஒரு ஃபைல்கூடப் போகாது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அக்காவின் கேபிள் அந்த ரகம்தான்.

எனவே முதல் வேலை, போனோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுப்பது. அது தொலைந்துவிட்டது என்றால், வேறொரு போனை ஏற்கெனவே கம்ப்யூட்டரோடு இணைத்துக் காட்டிய கேபிளை யாரிடமாவது ஒரு மணி நேரம் கடன் வாங்குங்கள். புதிதாக வாங்குவதென்றால் கடையில் "டேட்டா கேபிள்" என்று கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டர் நீளம் போதும். படுத்துக்கொண்டே சார்ஜ் போட உதவும் மூன்று மீட்டர் மலிவுக் கேபிளை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

கேபிள் சரிதான், ஆனாலும் ஆட்டினால் விட்டுவிட்டு வருகிறது என்றால் போனின் ஓட்டையைப் பாருங்கள். சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருந்தே நூலும் தூசியும் உள்ளே போய், ஒவ்வொரு முறை செருகும்போதும் இறுகி, அடியில் ஒரு மெத்தைபோல் படிந்துவிடும். கேபிள் முழு ஆழத்துக்குப் போகாமல் ஒரு மயிரிழை வெளியே நிற்கும். மின்சாரம் கடத்த அது போதும், தகவல் கம்பிகள் தொடுவதற்குப் போதாமல் போகலாம். போனை முழுதாக அணைத்துவிட்டு, மரத்தால் ஆன பல்குத்தும் குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி, ஹேர்பின், சேஃப்டி பின் எதுவும் வேண்டாம், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கீறினால் போனுக்கே செலவு. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். நான் இப்படி எடுத்துக் கொடுத்த நூல் உருண்டைகளைப் பார்த்து ஆச்சரியப்படாதவர்கள் குறைவு.

டைப் சி கேபிளாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. அதைத் திருப்பி, மறுபக்கமாகச் செருகிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வரவில்லை என்றால் ஓட்டையிலோ கேபிள் முனையிலோ ஒரு வரிசை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதைக்கு வேலை செய்கிற பக்கமாகச் செருகி முதலில் ஃபைல்களைக் காப்பாற்றிவிட்டு, பிறகு பழுது பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் பக்கமும் பாருங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பெட்டியின் முன்பக்க ஓட்டையை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். பின்பக்க ஓட்டைகள் மதர்போர்டிலேயே பதிந்தவை, முன்பக்கத்தவை உள்ளே ஒரு வயரால் இழுக்கப்பட்டவை. யூஎஸ்பி ஹப், மானிட்டரில் உள்ள ஓட்டை, கீபோர்டில் உள்ள ஓட்டை இவற்றையெல்லாம் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

போன் கதவைத் திறந்திருக்கிறதா?

கேபிள் நல்லது என்று உறுதியான பின்பும் பெயர் வரவில்லை, அல்லது வந்தும் உள்ளே காலியாக இருக்கிறது என்றால் ஆண்ட்ராய்டு போனில் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. போனின் பூட்டைத் திறந்து முகப்புத் திரைக்கு வாருங்கள். பூட்டியிருக்கும் போன் தன் உள்ளடக்கத்தைக் காட்டாது.
2. கேபிளைச் செருகுங்கள். திரையில் "போன் தகவல்களை அணுக அனுமதிக்கலாமா" என்ற மாதிரி ஏதாவது கேட்டால் அனுமதியுங்கள். கம்ப்யூட்டர் உங்களுடையதாக இருந்தால் மட்டும்.
3. மேலிருந்து நோட்டிஃபிகேஷன் திரையைக் கீழே இழுங்கள். யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது என்று ஓர் அறிவிப்பு அடியில் ஒளிந்திருக்கும். அதைத் தட்டுங்கள். சில போன்களில் ஒரு தட்டில் விரியும், மறுதட்டில்தான் திறக்கும்.
4. வரும் பட்டியலில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில போன்களில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர் / ஆண்ட்ராய்டு ஆட்டோ' என்று சேர்ந்தே இருக்கும், பழைய போன்களில் 'எம்டிபி' என்று மட்டும் இருக்கும். மூன்றும் ஒன்றுதான்.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்து செருகியவுடன் 'சார்ஜ் மட்டும்' என்ற நிலையில்தான் போன் நிற்கும். அதற்கு முன்பெல்லாம் செருகினாலே ஃபைல்கள் தெரிந்தன. இது தொல்லையாகப் படலாம். ஆனால் பேருந்து நிலையத்திலோ விடுதியிலோ யாருடைய ஓட்டையிலோ சார்ஜ் போடும்போது நம் படங்கள் வெளியே போகாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற பகுதியைத் திறந்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' எப்போதும் தானாக வருமாறு வைக்கவும் வழி இருக்கிறது. புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு தட்டு கூடுதலாகத் தட்டுவது பெரிய வேலை இல்லை.

அந்த அறிவிப்பே வரவில்லை, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' மங்கலாக இருக்கிறது, தட்டினாலும் பிடிக்கவில்லை என்றால் கேபிளுக்குத் திரும்புங்கள். மறுபக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதே போனுக்குத் தெரியவில்லை.

எம்டிபி என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது பின்னால் உதவும். முன்பு போனின் மெமரி பென் டிரைவ்போல் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவாகவே வந்து நிற்கும். அந்த முறையில் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நேரம் முழுக்கப் போன் அந்த மெமரியைத் தொட முடியாது. அதனால்தான் ஆண்ட்ராய்டு எம்டிபிக்கு மாறியது. இதில் கம்ப்யூட்டர் மெமரியை நேரடியாகத் தொடுவதில்லை. "அந்த ஃபைலைக் கொடு" என்று போனிடம் கேட்கும், போன் எடுத்துக் கொடுக்கும். கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் எல்லா இலைக்கும் பரிமாறுவதுபோல. ஆள் களைத்தால் பந்தி நின்றுவிடும். காப்பி பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸ் பக்கம்

போனில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுத்தாகிவிட்டது, இன்னும் வரவில்லை. முதலில் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி போடுவது போதாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும், சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் டிரைவரைப் பார்க்கலாம். டிரைவர் என்பது போனின் பேச்சை விண்டோஸுக்குப் புரிய வைக்கிற சிறு மென்பொருள். எம்டிபிக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. "உங்கள் போனுக்கான டிரைவர்" என்று இணையத்தில் கூவி விற்கும் தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள். வைரஸ் நுழைய அது ஒரு சுலபமான வழி.

1. போனைச் செருகிய நிலையிலேயே, ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள்.
2. 'போர்ட்டபிள் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் போனின் பெயரைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் 'அதர் டிவைசஸ்' அல்லது 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' கீழ் மஞ்சள் முக்கோணம் போட்ட ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.
3. அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். பயப்பட வேண்டாம், இது போனில் எதையும் அழிக்காது. கம்ப்யூட்டர் போனைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பை மட்டும் அழிக்கும்.
4. கேபிளைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகுங்கள். விண்டோஸ் போனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் அறிமுகம் செய்துகொள்ளும். ஒரு நிமிடம் பொறுங்கள்.
5. மஞ்சள் முக்கோணம் திரும்பவும் வந்தால், ரைட் கிளிக் செய்து 'அப்டேட் டிரைவர்', அதில் 'பிரௌஸ் மை கம்ப்யூட்டர்', அதன்பின் 'லெட் மீ பிக்' என்று தொடங்கும் வரி. வரும் பட்டியலில் 'எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எதைத் தொடுவது என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் ஒரு வழி: டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுங்கள். பட்டியலில் எந்த வரி வந்து வந்து போகிறதோ அதுதான் உங்கள் போன். எந்த வரியும் அசையவே இல்லை என்றால் கேபிள், ஓட்டை இரண்டில் ஒன்றுதான், டிரைவரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஐரோப்பிய நாடுகளில் இருக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே 'விண்டோஸ் என்' என்று ஒரு பதிப்பு உண்டு. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகக் கொடுத்த தீர்ப்பால் மீடியா பிளேயர் இல்லாமல் வந்த பதிப்பு அது. மீடியா பகுதிகளை எடுத்தபோது எம்டிபிக்குத் தேவையானதும் கூடவே போய்விட்டது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' போய்ப் பதிப்பின் பெயரில் 'என்' எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'மீடியா ஃபீச்சர் பேக்' சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் போன் தெரியும்.

அலுவலக லேப்டாப் என்றால் நிறுவனமே யூஎஸ்பி வழியாக ஃபைல் போவதைத் தடுத்து வைத்திருக்கலாம். அதை நாமாக மீற முயல வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்யுங்கள்.

ஐபோன் என்றால்

ஐபோனைச் செருகியதும் 'டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்' என்று கேட்கும். 'டிரஸ்ட்' தட்டி, பாஸ்கோடையும் அடிக்க வேண்டும். இதைக் கேட்பதற்கே போன் திறந்திருக்க வேண்டும். இந்தக் கேள்வி வராமலே போனால், செட்டிங்ஸில் 'ஜெனரல்', 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', 'ரீசெட்', 'ரீசெட் லொகேஷன் அண்ட் பிரைவசி' என்று போங்கள். ரீசெட் என்ற சொல்லைக் கண்டு நடுங்க வேண்டாம், இந்த ஒன்று படங்களைத் தொடாது. எந்தக் கம்ப்யூட்டரை நம்பலாம், எந்த ஆப் இருப்பிடம் பார்க்கலாம் என்ற அனுமதிகளை மட்டும் மறக்கும். ஆனால் அதே பட்டியலுக்குப் பக்கத்தில் 'இரேஸ் ஆல் கன்டென்ட்' என்று ஒன்று இருக்கும், அது எல்லாவற்றையும் அழித்துவிடும். விரல் தவறாமல் நிதானமாகத் தட்டுங்கள்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'ஆப்பிள் டிவைசஸ்' என்ற ஆப்பை நிறுவிக்கொண்டால் தேவையான டிரைவரும் கூடவே வந்துவிடும். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர்களில், முன்பு போனை இணைக்கப் பயன்பட்ட ஐடியூன்ஸ், 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து கிடையாது. ஃபைண்டர் ஜன்னலின் இடப்பக்கப் பட்டியலில் போனின் பெயர் வரும்.

ஐபோன்காரர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவரும் பிரச்சினை வேறு. படங்கள் தெரிகின்றன, காப்பி செய்தால் கொஞ்ச நேரம் போய்விட்டு, கணினியோடு இணைத்த கருவி வேலை செய்யவில்லை என்று விண்டோஸ் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். கேபிளும் புதிது, போனும் புதிது, என்ன செய்வதென்றே தெரியாமல் வருவார்கள். காரணம் இது: 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து ஐபோன் படங்களை ஹெய்க் என்ற சுருக்கமான வடிவத்தில் சேமிக்கிறது. கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது படம் ஒவ்வொன்றையும் அந்த நொடியிலேயே ஜேபெக் ஆகவும், வீடியோவைப் பழைய வடிவத்துக்கும் மாற்றிக் கொடுக்கப் பார்க்கிறது. பெரிய வீடியோ வந்தால் மாற்றி முடிக்க நேரம் ஆகிறது, விண்டோஸ் காத்திருந்து பார்த்துவிட்டு, போன் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறது. செட்டிங்ஸில் 'போட்டோஸ்' பகுதிக்குப் போய் (புதிய ஐஓஎஸில் 'ஆப்ஸ்' என்பதற்குள் இருக்கும்), கடைசி வரை இறங்கி, 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்ற இடத்தில் 'கீப் ஒரிஜினல்ஸ்' வையுங்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் காப்பி ஓடும். வந்த படங்கள் விண்டோஸில் திறக்கவில்லை என்றால் ஸ்டோரில் 'ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' இலவசமாகக் கிடைக்கும்.

பாதிப் படங்கள்தான் கம்ப்யூட்டரில் தெரிகின்றன என்றால் இணைப்பில் கோளாறு இல்லை. ஐகிளவுடில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' வைத்திருப்பீர்கள். அசல் படங்கள் ஆப்பிளின் சர்வரில் இருக்கின்றன, போனில் சிறு நகல்தான். அவற்றை ஐகிளவுட் தளத்தில் நுழைந்து இறக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனும் மேக்கும் வைத்திருப்பவர்கள் கேபிளை மாற்றி மாற்றிச் சோர்ந்துபோக வேண்டாம். மேக்குக்கு எம்டிபி தெரியாது. 'ஓப்பன் எம்டிபி' என்ற இலவச மென்பொருளை நிறுவினால் இரண்டு பக்க ஃபோல்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். உபுண்டு மாதிரி லினக்ஸில் பெரும்பாலும் செருகினாலே வரும்.

பாதியில் அறுந்துபோனால்

முதல் விதி: 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டும் செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் ஒரு ஃபைல் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போகக்கூடும். இடம் காலி செய்யும் அவசரம் இருந்தாலும், காப்பி செய்து, திறந்து பார்த்து, பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும்.

அந்தப் பந்தி பரிமாறும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாயிரம் படங்கள் உள்ள கேமரா ஃபோல்டரை ஒரே இழுப்பாக இழுத்தால், அந்தப் பட்டியலைத் தயாரிக்கவே போன் திணறும், பச்சைக் கோடு நகராமல் நிற்கும். ஃபோல்டரைத் திறந்து, பட்டியல் முழுக்க வரும்வரை பொறுத்து, தேதிவாரியாக வரிசைப்படுத்தி, முந்நூறு நானூறாக எடுங்கள். நேரம் கூடுவதுபோல் தோன்றும், ஆனால் மூன்று முறை அறுந்து நான்காவது முறை தொடங்குவதைவிட விரைவாக முடியும். அந்த நேரம் முழுக்கப் போனின் திரை அணையாமல் இருக்கட்டும், பேட்டரி சேமிப்பு நிலையை எடுத்துவிடுங்கள். கேபிள் தொங்காமல் போனை மேசை மேல் வையுங்கள்.

எப்போதும் ஒரே பெரிய வீடியோவில்தான் நிற்கிறது என்றால் அது எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய பென் டிரைவுகளும் 32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகளும் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். அந்த முறையில் 4 ஜிபியைத் தாண்டும் எந்த ஒரு ஃபைலையும் வைக்கவே முடியாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. கம்ப்யூட்டரின் உள் டிஸ்குக்கே நேராக எடுத்தால் இந்தத் தடை இருக்காது.

காலையில் எடுத்த படம் மட்டும் ஃபோல்டரில் தெரியவில்லையா? போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். போன் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டதும் வந்துவிடும்.

வாட்ஸ்அப் ஃபோல்டரைக் காணோம் என்று தேடுகிறவர்கள் பலர். முன்பு அது வெளியிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து 'ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப்பின் பெயர் வரும் ஃபோல்டர், அதற்குள் 'வாட்ஸ்அப்', அதற்குள் மறுபடி ஒரு 'மீடியா' என்று உள்ளே போய்விட்டது. படம், வீடியோ, குரல் பதிவு எல்லாம் தனித்தனி ஃபோல்டராக அங்கே இருக்கும்.

கேபிளே வேண்டாம் என்றால்

போனின் ஓட்டையே கெட்டுவிட்டது என்றால் வைஃபைதான் வழி. 'லோக்கல் சென்ட்' என்ற இலவச ஆப்பைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் நிறுவினால் போதும், ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஒன்றின் பெயர் மற்றொன்றில் தெரியவில்லை என்றால் இவற்றைப் பாருங்கள்.

இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. இரண்டிலும் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி எண்ணைப் பாருங்கள். வீட்டில் பெரும்பாலும் 192.168.1.5, 192.168.1.9 என்ற மாதிரி முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருக்கும். வேறுபட்டால் இரண்டும் வெவ்வேறு வலையில் இருக்கின்றன. விருந்தினருக்கென்று ரூட்டரில் வைக்கும் தனி வைஃபையிலும், கல்லூரி, விடுதி வைஃபைகளிலும் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க விடாமல் தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே எவ்வளவு முயன்றாலும் வராது. விபிஎன் (இணைய இணைப்பை வேறு வழியாகத் திருப்பும் ஆப்) ஓடினால் இரண்டிலும் நிறுத்துங்கள். விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளில் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள், உங்கள் வீட்டு வைஃபையாக இருந்தால் மட்டும். ஆப்பை முதன்முதலில் திறக்கும்போது விண்டோஸின் காவலாளியான ஃபயர்வால் அனுமதி கேட்டிருக்கும், அவசரத்தில் 'கேன்சல்' கொடுத்திருந்தால் ஃபயர்வால் செட்டிங்ஸில் போய் அந்த ஆப்பை அனுமதியுங்கள்.

எந்த வைஃபையும் இல்லையென்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேருங்கள். ஃபைல் இரண்டுக்கும் இடையில்தான் போகிறது, அதற்கு டேட்டா செலவாகாது. ஆனால் இணைந்த கையோடு விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்கத் தொடங்கினால் உங்கள் அன்றைய டேட்டா முழுவதும் காலியாகிவிடும். அந்த இணைப்பை விண்டோஸில் 'மீட்டர்டு' (டேட்டாவை அளந்து செலவிட வேண்டிய இணைப்பு) என்று குறித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புளூடூத் வேண்டாம். அதில் ஒரு ஜிபி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

போனின் திரை உடைந்து, படம் தெரிகிறது, தொட்டால் மட்டும் வேலை செய்யவில்லை என்ற நிலையில் சிலர் வருவார்கள். பூட்டைத் திறக்க முடியாததால் எதுவும் எடுக்க முடியாது என்று நினைத்திருப்பார்கள். ஓடிஜி என்று கேட்டால் கடையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும். அதைப் போனில் மாட்டி, சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வரும். மவுஸால் பூட்டைத் திறந்து, போனின் ஒரே ஓட்டையில் மவுஸ் இருப்பதால் கேபிளுக்குப் பதிலாக லோக்கல் சென்ட் போன்ற ஆப்பை மவுஸாலேயே நிறுவி, வைஃபை வழியாக எடுத்துவிடலாம்.

எடுத்து முடித்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கையைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறந்தால் எத்தனை ஃபைல் என்று வரும். போனில் ஃபைல்ஸ் ஆப்பிலும் பார்க்கலாம். எண் ஒத்துப்போன பிறகு தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று திறந்து பாருங்கள், வீடியோ என்றால் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுகள் ஓபஸ் என்ற வடிவில் இருக்கும், கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் விஎல்சி பிளேயரில் திறக்கும். அக்காவின் லேப்டாப்பிலும் அதைத்தான் நிறுவினேன். முதல் பதிவு ஓடத் தொடங்கியதும் அவரை அங்கேயே விட்டுவிட்டு, மற்றவற்றை ஒரு பென் டிரைவிலும் ஏற்றுவதற்காக என் அறையில் பென் டிரைவ் தேடப் போனேன்.